பனிக்காலத்துப் பந்தாட்டம்

அமெரிக்க ஐக்கிய நாட்டாரின் பேஸ்பால் வேனிற்காலத்துக்குரிய ஆட்டம். மார்ச்சுத் திங்களின் இறுதியில் தொடங்கி, முப்பது குழுக்களும் தனித்தனியே 162 ஆட்டங்களை ஆடி முடித்து, 'உலகத் தொடர்' என்னும் இறுதிப் போட்டியும் அக்டோபர்த் திங்களின் கடையிலோ நவம்பரின் தொடக்கத்திலோ நடந்தேறியபின், ஆடுகளங்கள் அடைக்கப்படுகின்றன. வடபுலத்து நகரங்களிற் பனி கொட்டுகின்றது. பிப்ரவரித் திங்களின் நடுவில் பிளாரிடாவிலும் அரிஸோனாவிலும் பயிற்சிக் களங்கள் திறக்கப்படுங்காறும் பந்துமில்லை, மட்டையுமில்லை. இவ்வெறுங்காலத்தைப் பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். ஆட்டமில்லாத போழ்தில் ஆட்டத்தைப் பற்றி எழுதுதற்கு என்ன இருக்கின்றது என்று நண்பர் சிலர் நகைக்கலாம். அவ்வாட்டத்துக்கு உடலைத் தந்தது வேனில். மனச்சான்றைத் தந்தது பனிக்காலம் என்பது எம் கொள்கை. அஃது எங்ஙனம் என்பதனைக் காட்டவே இதனை எழுதுகின்றோம்.

பேஸ்பாலின் விதிகளை விரித்துரைத்தல் எம் நோக்கமன்று. கிரிக்கெட்டை அறிந்தார்க்குச் சில சொற்களே போதும். ஒருவன் பந்தை எறிகின்றான். ஒருவன் மட்டையால் அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம் பெறுகின்றான். மூன்று பந்துகளைத் தவறவிட்டால் தலை கவிழ்ந்து வெளியேறுகின்றான். பத்து முறையில் மூன்று முறை நன்கு அடிப்பவன் அந்நாட்டிற் சிறந்த ஆட்டக்காரனாகப் போற்றப்படுகின்றான். ஏழு முறை தோற்பவனைச் சிறந்தோன் என்று கொண்டாடும் ஆட்டம் இது. இதனைப் பின்னர் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பழைய நாளிற் சிற்றூர்க் கடைகளின் நடுவே இரும்பாலாகிய கணப்படுப்பு ஒன்று எரிந்துகொண்டிருக்கும். குளிருக்கு அஞ்சி அதனைச் சூழ்ந்தமர்ந்த ஊரார், சென்ற வேனிலின் ஆட்டங்களையும் வருகின்ற வேனிலின் வாய்ப்புகளையும் பேசிப் பொழுது போக்குவர். ஆட்டக் குழுக்களின் கூட்டமைப்புக்கு 'லீக்' என்று பெயராதலின், இப்பேச்சுக் கூட்டத்துக்கும் 'ஹாட் ஸ்டவ் லீக்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர். கணப்படுப்பு லீக் என்று நாம் அதனைத் தமிழிற் கூறலாம். அடுப்புகள் மறைந்தன, பெயர் இன்றும் வழங்குகின்றது. ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி என்னும் பேராட்டக்காரரிடம், பனிக்காலத்தில் என் செய்வீர் என்று வினவியபொழுது, சன்னலின் வழியே நோக்கிக்கொண்டு இளவேனிலுக்குக் காத்திருப்பேன் என்று அவர் விடையிறுத்தாராம். தமிழ் பயில்வார்க்கு இந்நிலை புதிதன்று. முல்லைத்திணைக்கு உரிப்பொருள் இருத்தல் அன்றோ? வினைவயிற் பிரிந்த தலைவன் கார்காலத்தில் மீள்வான் என்று ஆற்றியிருக்கும் அவ்விருத்தலே பாட்டாகின்றது. அவன் தேர் வாயிலில் வந்து நின்றபின் புலவனுக்கு வேலை குறைவு. ஹார்ன்ஸ்பியாரை முல்லைத் தலைவி அறிந்திருப்பின் தோழியின் இடத்தை அவருக்கு ஈந்திருப்பாள்.

காத்திருப்போர் எதனைக்கொண்டு பேசினர்? எழுத்தைக்கொண்டே பேசினர். இங்கிலாந்திற் பிறந்து நியூயார்க்கிற் செய்தியாளராய் வாழ்ந்த ஹென்றி சாட்விக், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, ஓர் ஆட்டத்தின் நிகழ்ச்சிகளையெல்லாம் உள்ளங்கை அளவான அட்டவணையுள் அடக்கிக் காட்டும் முறையை வகுத்தார். இவர் முதலிற் கிரிக்கெட்டைப் பற்றி எழுதியவர். யார் எத்துணை முறை அடித்தார், யார் தவறினார், யார் பிடித்தார் என்பதெல்லாம் நாளிதழின் மூலையில் அச்சேறியது. ஆகவே அவ்வாட்டம் காணப்படுவதோடு நில்லாமல் வாசிக்கப்படுவதும் ஆயிற்று. ஆட்டத்தைக் கண்ணாற் காணாத சிறுவனும் அட்டவணையைக் கத்தரித்து ஒட்டி வைத்துக்கொண்டு பனிக்கால இரவில் அதனை மீண்டும் நடத்திப் பார்க்கலாம். தாயக்கட்டைகளை உருட்டி வீட்டுக்குள்ளேயே பருவம் முழுவதையும் ஆடி முடிக்கும் அட்டை விளையாட்டுகளும் பின்னர் விற்பனைக்கு வந்தன. அங்ஙனம் தாயக்கட்டையால் ஓர் உலகத்தையே படைத்து, அதற்குள் மூழ்கித் தன்னை இழப்பான் ஒருவனைப் பற்றி ராபர்ட் கூவர் 1968-இல் ஒரு நாவலே எழுதினார். அளவு மிஞ்சினால் யாதாகும் என்பதற்கு அந்நாவல் சான்று.

கல்லூரி மலரில் எழுதும் எமக்கு மிக உவப்பான செய்தி ஒன்றுண்டு. இவ்வாட்டத்தின் முடிவைப் பற்றிய கட்டுரைகளுள் அமெரிக்கர் பெரிதும் விரும்பி வாசிக்கும் ஒன்று, ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் இதழில் வெளிவந்தது. 1977-இல் யேல் பல்கலைக்கழகத்தின் அவ்விதழில் அதனை எழுதியவர் பார்ட்லட் ஜியாமட்டி. மறுமலர்ச்சிக் கால இலக்கியத்தைக் கற்பித்த பேராசிரியர். தம் பாஸ்டன் குழு தோற்றுப் பருவம் முடிந்த நாளில், வேனிலோடு வந்து வேனிலோடு அகலும் ஓர் இன்பம் மனிதனைக் குளிரிலே தனியே நிறுத்திவிட்டுச் செல்வதனை அவர் எழுதினார். அவரே பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகி, 1989-இல் பேஸ்பால் அமைப்பின் ஆணையாளருமானார். சில திங்களே அப்பதவியிலிருந்து, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளில் மாரடைப்பால் மறைந்தார். இலக்கியப் பேராசிரியர் ஒருவர் நாட்டின் பெருவிளையாட்டை ஆளத் தகும் என்று ஓர் இனத்தார் கருதினர் என்பது, இலக்கியம் பயின்று என்ன பயன் என்று எம்மை அடிக்கடி வினவும் உறவினர்க்கு நல்ல விடையாகும்.

இனி, பனிக்கால வாசிப்பின் பெரும்பயனைக் காட்டும் ஒரு நூலைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவோம். 1961-இல் டை காப் என்னும் பழம்பெரும் ஆட்டக்காரர் இறந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த லாரன்ஸ் ரிட்டர், அத்தலைமுறையார் அனைவரும் மறையுமுன் அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்ய வேண்டுமென்று துணிந்தார். ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைச் சுமந்துகொண்டு சில ஆண்டுகளில் ஏறத்தாழ 75,000 மைல் அலைந்தார். சாம் கிராபோர்டு என்னும் முதியவரைத் தேடிய கதை சுவையுடையது. மூன்றாம் தளம் வரை ஓடத்தக்க அடிகளை 309 முறை அடித்து, இன்றுகாறும் எவராலும் எட்டப்படாத நிலையை அடைந்தவர் அவர். ஆயினும் அவர் வாழுமிடம் எவர்க்கும் தெரியவில்லை. கலிபோர்னியாவில் ஒரு சிற்றூரையடைந்த ரிட்டர், பலரை வினவியும் பயன் காணாராய், பொறிகளில் துணி துவைக்கும் கடையொன்றிற் சென்று அமர்ந்தார். அருகேயிருந்த நெட்டையான முதியவரிடம், சாம் கிராபோர்டு என்பாரை அறிவீரோ என்று கேட்டார். அறியாமலென்ன, யானே அவன் என்றார் அம்முதியவர்.

இங்ஙனம் 22 பேரிடம் பெற்ற வாய்மொழிகளே 1966-இல் 'தி குளோரி ஆப் தெயர் டைம்ஸ்' என்னும் நூலாயின. அந்நூலை வாசிப்பார் ஆட்ட வெற்றிகளைக் காட்டிலும் அக்காலத்து வாழ்க்கையையே மிகுதியாக அறிவர்: பண்ணை வீட்டினின்றும் சுரங்கத்தினின்றும் ஓடிவந்த இளைஞரை, தந்தையின் சினத்தை, நெடும்புகைவண்டிப் பயணங்களை, முதுமையின் அமைதியை. ஆசிரியர் தம் கேள்விகளையெல்லாம் நீக்கி, முதியோர் தாமே பேசுமாறு விட்டுவிட்டார். அவ்வடக்கம் எளிதிற் கைவருவதன்று. ஆடிக்கொண்டிருக்கும் காலத்தில் இவர்களை எவரும் இத்துணைப் பொறுமையோடு கேட்டிருக்கமாட்டார். மறுநாள் ஆட்டம் வந்து முன்னாள் ஆட்டத்தை அழித்துவிடும்.

கற்பனை நூல்களும் பல. ரிங் லார்ட்னர், தற்பெருமை மிக்க பந்தெறிவோன் ஒருவன் நண்பனுக்கு எழுதும் பிழை மலிந்த கடிதங்களாகவே ஒரு கதையை அமைத்தார். 1916-இல் அது நூலாயிற்று. எர்னெஸ்ட் தேயர் 1888-இற் பாடிய கேசி என்பான் கதையை அந்நாட்டிற் கேளாத சிறுவர் அரியர். அப்பாட்டின் தலைவன் ஊரெல்லாம் நம்பியிருக்கும் இறுதிக் கணத்தில் தவறவிட்டுத் தோற்கின்றான். பெர்னார்டு மாலமுட் 1952-இல் எழுதிய 'தி நேச்சுரல்' என்னும் நாவலிலும், கைக்கூலி வாங்கிய தலைவன் மனம் மாறியும் பயனின்றி, இறுதிப் பந்தைத் தவறவிடுகின்றான். 1984-இல் அக்கதை திரைப்படமானபொழுது என்னாயிற்று என்பதனைக் கவனித்தல் வேண்டும். திரையில் அவன் அடித்த பந்து விளக்குகளை உடைத்து ஒளிமழை பொழிவிக்கின்றது; தலைவன் வெல்கின்றான். கூட்டத்தை மகிழ்விக்க வேண்டிய கலைக்குத் தோல்வி தாங்கவில்லை. தனியே அமர்ந்து வாசிப்பவனோ அதனைத் தாங்குகின்றான். பத்தில் ஏழு முறை தோற்பதே இவ்வாட்டத்தின் இயல்பு என்று மேலே கூறினோம். அவ்வியல்பை உள்ளவாறு காட்டியவை நூல்களே. திரைப்படம் பார்த்தற்கினியது என்பதனை மறுக்கவில்லை. நாவலே உண்மையுடையது என்கின்றோம்.

இதுகாறும் கூறியவற்றால் பனிக்காலத்து எழுத்து ஓர் இன்பம் என்பது போதரும். அது மனச்சான்றாயிற்று என்று கூறினோமே, அதற்குக் காரணம் வேறு.

19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1947 வரை, கருநிறத்தார் எவரும் பெருங்குழுக்களில் ஆட இடம்பெறவில்லை. எழுதப்பட்ட சட்டம் அதற்கு வேண்டியிருக்கவில்லை. குழுத் தலைவரின் உடன்பாடே போதுமாயிருந்தது. அவர்கள் தமக்கெனத் தனிக் குழுக்களையும் தனி லீக்குகளையும் அமைத்துக்கொண்டு ஆடினர். ஜாஷ் கிப்ஸன் என்பவர் அக்களங்களின் ஒப்பற்ற அடிவீரர். 1947 ஜனவரியில், 35-ஆம் வயதில், அவர் இறந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் புரூக்லின் குழுவில் முதன்முறையாகக் களமிறங்கினார். மூன்று திங்களில் கதவு திறந்தது. கிப்ஸனோ கதவுக்கு வெளியிலேயே மறைந்தார். இதனினும் துன்பந் தருவது யாதெனில், அவரும் அவரொத்தாரும் ஆடியவற்றை நாட்டின் பெருங்கணக்கேடுகள் ஏற்றுக்கொள்ளவேயில்லை என்பது. ஏற்கப்படாத ஓட்டம் ஓடப்படாத ஓட்டமாகவே எண்ணப்பட்டது.

இக்குறையை நீக்கத் தொடங்கியது களமன்று, நூல். ராபர்ட் பீட்டர்சன் என்னும் எழுத்தாளர் பழைய கருநிறத்தார் நாளிதழ்களைத் துருவியும் எஞ்சியிருந்த முதியோரைக் கண்டு கேட்டும், 1970-இல் 'ஓன்லி தி பால் வாஸ் ஒயிட்' என்னும் வரலாற்றை வெளியிட்டார். பந்து மட்டுமே வெள்ளை என்பது அத்தலைப்பின் பொருள். நூல் முழுவதும் அத்தலைப்பில் அடங்கிவிட்டது எனலாம். அதற்கு நான்காண்டுகட்கு முன்னரே, டெட் வில்லியம்ஸ் என்னும் வெள்ளைநிற வீரர், கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ்மண்டபத்தில் தமக்குச் செய்யப்பட்ட சிறப்பை ஏற்றுப் பேசுங்கால், வாய்ப்பளிக்கப்படாத அவ்வீரர்க்கும் அங்கே இடம் வேண்டுமென்று கேட்டிருந்தார். 1971-இல் சாச்சல் பேஜ் என்னும் பந்தெறிவோர் அங்கே சேர்க்கப்பட்டார். முதலில் அவர்க்கும் அவர்தம் தோழர்க்கும் புறம்பானதொரு பகுதியை ஒதுக்கவே மண்டபத்தார் எண்ணினர்! களத்திற் பிரித்தது போதாதென்று பலகையிலும் பிரிக்க எண்ணியவர்களை மக்கள் கண்டித்தனர்; பின்னரே எல்லார்க்கும் ஒப்ப இடம் கிடைத்தது. வீடு கட்டுவோரால் தள்ளுண்ட கல்லின் செய்தியைச் சிறுவயது முதற் கேட்டு வளர்ந்த நம்மனோர்க்கு இவ்வரலாறு தனியே விளக்கப்பட வேண்டுவதன்று.

1994-ஆம் ஆண்டும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்தமையால் ஆகஸ்டுத் திங்களிலேயே பருவம் நின்றது. செப்டம்பரில் உலகத் தொடரும் கைவிடப்பட்டது. பனிக்காலம் முன்னதாகவே வந்துவிட்டது போலும்! அந்நாள்களில் கென் பர்ன்ஸ் எடுத்த நெடிய வரலாற்றுப் படம் தொலைக்காட்சியில் ஒன்பது பகுதிகளாக ஒளிபரப்பப்பட்டது. களம் வெறிதாயிருந்த காலத்தில் மக்கள் அதனைக் கண்டனர். அதிற் பேசிய பக் ஓநீல் என்னும் முதியவர், பழைய நீக்ரோ லீக்குகளின் ஆட்டக்காரர், தம் தோழரைப் பற்றிக் கசப்பேயின்றி எடுத்துரைத்தமையால் நாடறிந்தவரானார். 2006-இல் அந்த லீக்குகளைச் சார்ந்த 17 பேர் புகழ்மண்டபத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டபொழுது அவர்க்கு இடம் கிட்டவில்லை. அவரோ விழாவுக்குச் சென்று, மறைந்துபோன அப்பதினெழுவர் சார்பிலும் நின்று பேசினார். அவ்வாண்டு அக்டோபரில் இறந்தார். 2021 டிசம்பரிற்றான் அவரும் தெரிந்தெடுக்கப்பட்டார்.

அதற்கோராண்டு முன்னர், 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளும் பெருங்குழு லீக்குகளே என்று அமைப்பு அறிவித்தது. 2024 மே மாதத்தில் அவற்றின் கணக்கு பெருங்கணக்கிற் சேர்க்கப்பட்டது. ஜாஷ் கிப்ஸனின் வாழ்நாள் அடி விகிதம் .372 என்று தலையிடத்திற் பொறிக்கப்பட்டது, டை காப்பின்.367 அதற்கடுத்த இடத்துக்கு இறங்கியது. இதனைச் செய்து முடித்தவர் யார்? பழைய இதழ்களின் படச்சுருள்களை இரவெல்லாம் புரட்டி, ஒவ்வோர் அட்டவணையாகப் படியெடுத்த ஆய்வாளர். அவருட் பலர் கூலியின்றி உழைத்தவர்.

இப்பொழுதைய பனிக்காலப் பேச்சைப் பற்றி எம் மனக்குறையை இனிக் கூறலாம். இன்று நவம்பர் முதல் பிப்ரவரி வரை எங்கும் கேட்பது விலைப்பேச்சு. 2023 டிசம்பரில் ஷோஹெய் ஒடானி என்னும் ஜப்பானிய வீரர் பத்தாண்டுக்கு 70 கோடி டாலருக்கு உடன்பட்டார். அடுத்த டிசம்பரில் ஹுவான் சோட்டோ பதினைந்தாண்டுக்கு 76.5 கோடிக்கு உடன்பட்டார். யார் எங்கே போவார், எத்துணை பெறுவார் என்பதனை மணிக்கு மணி உரைத்தும் மறுத்தும் வாழும் செய்தியாளர் கூட்டம் ஒன்று தோன்றியுள்ளது. கணப்படுப்பின் பெயர் இவர்க்கே உரியதாகிவிட்டது.

ஆயினும் பணப்பேச்சு இழிந்ததென்று ஒரே சொல்லில் தள்ளிவிட எம்மால் இயலவில்லை. 1919 டிசம்பரில் பாஸ்டன் குழுவார் பேப் ரூத்தை நியூயார்க் குழுவுக்கு விற்றனர். விலை குழுத் தலைவர் பைக்குச் சென்றது. ஒரு குழுவில் ஒருமுறை கையெழுத்திட்டவன் அவர்கள் விடுவிக்கும்வரை அவர்கள் உடைமையே என்பது அக்கால ஒப்பந்தம். 1969 அக்டோபரில், 12 பருவம் உழைத்த செயின்ட் லூயிஸ் குழுவார் கர்ட் பிளட் என்பவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றினர். அவர் உடன்படவில்லை. கிறிஸ்து பிறப்புப் பெருநாளுக்கு முன்னாள், தாம் வாங்கவும் விற்கவும் படும் பண்டமல்லர் என்று ஆணையாளர்க்குக் கடிதம் எழுதி, வழக்குமன்றம் ஏறினார். 1972-இல் உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு மூவராக அவர்க்கெதிராகத் தீர்ப்பளித்தது. அவர் ஆட்ட வாழ்வும் அழிந்தது. 1975 டிசம்பர் 23-ஆம் நாள் பீட்டர் சைட்ஸ் என்னும் நடுவர் வேறிருவர் வழக்கில் வழங்கிய முடிவே ஆட்டக்காரர்க்கு விடுதலை தந்தது. இவற்றுட் பெரும்பாலானவை பனிக்காலத்து நிகழ்ச்சிகளே என்பதனை நோக்குக. எழுபது கோடி என்னும் எண்ணுக்குப் பின்னே ஒரு மனிதனின் கடிதம் நிற்கின்றது. எண்ணை நூறுமுறை கூறும் செய்தியாளர் கடிதத்தை ஒருமுறையாவது கூறுவாராயின் எமக்கு வழக்கில்லை.

எண்கள் தம்மளவில் வறட்சியுடையன என்று கருதுவாரும் உளர். கான்சாஸில் ஒரு தகர உணவுத் தொழிற்சாலையின் இரவுக் காவலராயிருந்த பில் ஜேம்ஸ், ஆளில்லா இரவுகளில் ஆட்டக் கணக்குகளை ஆராய்ந்து, 1977-இல் தம் கைப்பணத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். எல்லாரும் உண்மையென்று நம்பியவற்றை ஐயுற்று வினவுவதே அவர் தொழில். அவ்வினாக்கள் பின்னர்க் குழுத் தலைவர்தம் கையில் மலிவாக ஆளைப் பிடிக்கும் கருவியாயின. 2003-இல் வந்த 'மணிபால்' என்னும் நூல் அம்மாற்றத்தைச் சுவைபட உரைக்கின்றது. காவலரின் எண்கள் அறிவுப் பசியாற் பிறந்தன. தலைவரின் எண்கள் செலவைக் குறைக்கப் பயன்பட்டன. இரண்டும் ஒரே எண்களாயினும் வாசிப்பவனுக்கு வேறுபாடு தெரிகின்றது.

தொலைக்காட்சியையும் முற்றும் குறைகூறோம். பேஸ்பாலுக்கென்றே அமைந்த ஒளிபரப்பு நிலையம் 2009 ஜனவரி முதல் நாளில் தொடங்கப்பட்டது. காட்டுவதற்கு ஆட்டமொன்றும் இல்லாத அந்நாளில், 1956 உலகத் தொடரில் டான் லார்சன் ஒருவரையும் தளமேறவிடாது எறிந்து வென்ற ஆட்டத்தின் பழம்படத்தைக் காட்டினர். நூல் செய்யும் பணியை அன்று திரையும் செய்தது. அங்ஙனம் செய்யும் ஆற்றல் உடையார், ஆண்டில் நான்கு திங்களை விலைச்சந்தைக்கே விட்டுவிடுவது முறையோ என்பதே எம் வினா.

நீக்ரோ லீக்குகளின் கணக்கு 2024-இல் ஏற்கப்பட்டபொழுது, ஏறத்தாழ முக்காற் பங்கே கிடைத்துள்ளது என்று ஆய்வுக் குழுவினர் கூறினர். நாளிதழார் எவரும் செல்லாத சிற்றூர்க் களங்களில் நடந்த ஆட்டங்களும், அச்சாகியும் தாள் மட்கிப்போன ஆட்டங்களும் எஞ்சிய காற்பங்கில் அடங்கும். அவற்றுள் ஒன்று எங்கேனும் ஒரு நூல்நிலையத்தின் படச்சுருளில் அகப்படுமாயின் கிப்ஸனின் .372 கூடவும் குறையவும் கூடும் என்பதனை அவர்கள் மறைக்கவில்லை. தேடலை நிறுத்தவும் இல்லை.